ஹோட்டன் சமவெளிக்கு நடக்க, ஓட, காடு பார்க்க வருவோர் கேட்கும் கேள்விகள்

ஹோட்டன் சமவெளி எப்படிப்பட்ட இடம்?

நுவரெலியா நகரிலிருந்து சுமார் 32 கிலோமீற்றரில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளி இது. மேடுகளிலும் ஓடைக்கரைகளிலும் முகில் தங்கும் குட்டை மரக்காடு திட்டுத் திட்டாக நிற்கும். மொத்தப் பரப்பு 3,160 ஹெக்டேயர். 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஹோட்டன் என்பது பிரித்தானிய ஆளுநர் ஒருவரின் பெயர். சிங்களத்தில் பழைய பெயர் மஹ எலிய.

மலையக மக்களுக்கு இந்த இடம் தூரத்து ஊர் அல்ல. அக்கரப்பத்தனையில் ஓடும் அக்கர ஓயா இங்கிருந்துதான் இறங்கி மகாவலியில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. களனி கங்கைக்கும் வளவை கங்கைக்கும் தலைநீர் தரும் ஓடைகளும் இந்த மேட்டில்தான் பிறக்கின்றன. ஊர்ப் பெயர்களில் வரும் ‘பத்தனை’ என்ற சொல் மலைப் புல்வெளியைத்தான் குறிக்கிறது. அந்தப் புல்லெல்லாம் தேயிலையாக மாறிய பிறகு, பழைய பத்தனை எப்படி இருந்தது என்று பார்க்க மிஞ்சிய இடங்களில் பெரியது இது.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் அதிகம் தெளிந்திருக்கும். அதே மாதங்களில்தான் விடியற்காலைக் குளிரும் கடுமை. புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும் நாட்களும் உண்டு. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென்மேல் பருவக்காற்று ஆளைத் தள்ளும் வேகத்தில் அடிக்கும். அம்பேவெலயில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம்.

மாதத்தைவிட நாளைப் பார்த்துத் தெரிவது முக்கியம் என்பது எங்கள் கருத்து. ஏப்ரலில் நுவரெலியா ‘சீசன்’, போயா சேர்ந்து வரும் நீண்ட விடுமுறை, பாடசாலை விடுமுறைச் சனி ஞாயிறு ஆகிய நாட்களில் வாசலிலேயே ஒரு மணிநேரம் போய்விடும். ஒற்றையடிப் பாதையில் பாட்டுப்பெட்டியோடு வருகிறவர்களின் பின்னால் நடக்க வேண்டியும் வரும். செவ்வாய், புதன் போன்ற வேலைநாள் ஒன்றைப் பிடித்தால் அதே பாதை வேறு இடமாகத் தெரியும்.

எல்லாரும் ‘வெள்ளன போங்கள்’ என்கிறார்கள். அவ்வளவு அவசரமா?

அவசரம்தான். சமவெளியின் தெற்கு விளிம்பு செங்குத்தாக அறுந்து நிற்கிறது. எல்லாரும் பார்க்க வரும் ‘உலக முடிவு’ (World's End) அந்த விளிம்பில்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் கீழே தாழ்நிலத்துக் காற்று சூடாகி, ஈரத்தைச் சுமந்துகொண்டு அந்தச் சுவரோடு மேலே எழும்பும். மேலே வந்ததும் குளிர்ந்து முகிலாகும். காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் உலக முடிவின் முன்னால் வெள்ளைத் திரை விழுந்துவிடுவது இதனால்தான். அதன்பிறகு போனால், 4 கிலோமீற்றர் நடந்து வந்து பால் சட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். சில நாட்களில் காற்று திரையை விலக்கும், ஆனால் அதை நம்பிப் போக முடியாது.

வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவில் தங்கியிருந்தால் 4.45க்கு வண்டி புறப்பட வேண்டும். 6 மணிக்கு வாசலில் நின்று, 6.40 வாக்கில் நடக்கத் தொடங்கினால், 8.15க்கு முன் உலக முடிவில் இருக்கலாம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு முறையும் பிழைப்பது புறப்படும் நேரம்தான். ஐந்து பேர் உள்ள குடும்பம் ‘நாலே முக்காலுக்கு’ என்று சொன்னால் வண்டி நகர்வது ஐந்தேகாலுக்கு. உடுப்பு, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே கட்டி வையுங்கள்.

எப்படி வந்து சேர்வது?

வேன் அல்லது காரில் வருவோர் நுவரெலியா–நானுஓயா வீதியில் பிளக்பூல் சந்தியில் திரும்பி, மீப்பிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏற வேண்டும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் நகருக்குள் போகத் தேவையில்லை, நானுஓயா தாண்டி அதே சந்தியில் திரும்பலாம். பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடைப் பக்கத்தார் பொரலந்த ஊடாக ஒஹிய வாசலுக்கு வரலாம்.

அம்பேவெலக்கு மேல் மூடுபனி இருந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, மணம் வந்த பிறகு நிறுத்துகிற வேன்களை இந்த வளைவுகளில் அடிக்கடி காணலாம்.

ரயிலில் வருவதானால் பட்டிப்பொல அல்லது ஒஹிய. பட்டிப்பொல இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், 1,891 மீற்றர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் மத்திய மாகாணம், அந்தப் பக்கம் ஊவா. இங்கே பனி மூடியிருக்க, சுரங்கம் விட்டதும் வெயில் அடிப்பதைப் பலமுறை பார்க்கலாம். ஒஹியவிலிருந்து, நடைபாதை தொடங்கும் ஃபார் இன்னுக்கு வீதி வழியே சுமார் 11 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். நடந்து ஏறுவோரும் இருக்கிறார்கள், மூன்று மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று காலை ரயிலில் வந்து அன்றே உலக முடிவைப் பார்க்க நினைத்தால் முகிலைத்தான் பார்ப்பீர்கள். முதல் நாளே வந்து பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்கி, விடியற்காலைக்கு ஓட்டோ ஒன்றைப் பேசி வைப்பதுதான் சரி. மழைக்காலத்தில் மண்சரிவால் மலையக ரயில் பாதை தடைப்படுவதுண்டு, புறப்படுமுன் நிலையத்தில் கேளுங்கள்.

டிக்கட் விடயம்?

வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடம் வாசலில் இருக்கிறது. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. வண்டிக்குத் தனியாக எடுக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் குடியேறிய உறவினரோடு வரும்போது வாசலில் நடக்கும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த அட்டையைப் பற்றியவைதான். சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும்.

பையைத் திறந்து சோதிப்பார்களாமே?

சோதிப்பார்கள், சோதிக்கவும் வேண்டும். பொலித்தீன் பை, பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றிய பிளாஸ்டிக் லேபிள் எல்லாம் நடைபாதை தொடங்கும் இடத்தில் எடுக்கப்படும். பிஸ்கட்டைக் காகிதத்தில் மாற்றிக் கட்டித் தருவார்கள். காரணம் மரைகள், இங்கே மேயும் பெரிய மான்கள். உப்பும் இனிப்பும் ஒட்டிய உறைகளை அவை அப்படியே விழுங்கும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிரம்பிய மாதிரி இருக்க, மிருகம் மெலிந்து சாகும்.

எனவே வீட்டிலேயே ஒழுங்கு செய்யுங்கள். சோற்றையோ ரொட்டியையோ லன்ச் ஷீட்டில் கட்டாதீர்கள், அதுவும் பொலித்தீன்தான். வாட்டிய வாழை இலையில் சுற்றித் துணியில் முடியலாம், அல்லது மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி. தண்ணீருக்குத் திரும்பப் பாவிக்கும் போத்தல். மழை அங்கியை பொலித்தீன் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தால் அந்தப் பையும் போய்விடும், துணிப் பையில் போடுங்கள். சிகரெட், லைட்டர், மதுபானம் வேண்டாம். காய்ந்த புல் ஒரு தீப்பொறியில் மலை மலையாக எரிந்திருக்கிறது.

சுற்றுப் பாதை எப்படிப் போகிறது?

தொடக்கமும் முடிவும் ஃபார் இன். பிரித்தானியர் காலத்து வேட்டை விடுதி அது, இப்போது வருவோர் நிலையமாக இருக்கிறது. மொத்தச் சுற்று 9 முதல் 9.5 கிலோமீற்றர். நின்று பார்த்து நடந்தால் மூன்றரை முதல் நான்கு மணிநேரம்.

புல்வெளியில் சிறிது தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் எடுங்கள். அது முதலில் சிறிய உலக முடிவுக்கும், அங்கிருந்து பெரிய உலக முடிவுக்கும் கொண்டுபோகும். பிறகு பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி, அதன்பின் ஓடையோரப் புல்வெளி வழியாகத் திரும்பி ஃபார் இன். வலது பக்கம் முதலில் எடுத்தால் நீர்வீழ்ச்சியில் நேரம் போய், விளிம்புக்குப் போகும்போது முகில் முந்திவிடும். நீர்வீழ்ச்சி பனிக்குள்ளும் தெரியும். உலக முடிவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

தரை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முதல் பகுதி சமதரை, மழையில் சேறாகும். காட்டுக்குள் நுழைந்ததும் வேர்கள் படிபோலக் குறுக்கே கிடக்கும், ஈரமானால் வழுக்கும். அடுத்து, மழைநீர் அரித்த ஆழமான வாய்க்கால் மாதிரிப் பகுதிகள். அங்கே சிவப்பு மண்ணின்மேல் பருப்புப் போல உருளும் வெள்ளைக் கல் சிதறிக் கிடக்கும். விழுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கே, அதுவும் இறக்கத்தில். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை ஊன்றாமல், முழுப் பாதத்தையும் வைத்து, சின்ன அடியாக இறங்குங்கள். பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் கிளைப்பாதை செங்குத்து. சுற்றுப் பாதையிலேயே மூச்சு வாங்க வைப்பது அங்கிருந்து திரும்பி ஏறுவதுதான்.

உலக முடிவு எவ்வளவு ஆழம்? பயப்பட வேண்டுமா?

சிறிய உலக முடிவு சுமார் 270 மீற்றர். பெரியது ஏறத்தாழ 870 மீற்றர். கீழே தேயிலைத் தோட்டமும் லயத்துக் கூரைகளும் தீப்பெட்டி அளவில் தெரியும். தெளிந்த காலையில் சமனலவெவ, உடவளவ நீர்த்தேக்கங்கள் கண்ணாடித் துண்டுபோல மின்னும். அதற்கும் அப்பால் தென்கடல் ஒரு கோடாகத் தெரியும் நாட்களும் உண்டு.

பயம் தேவையில்லை, பின்னால் நகர்ந்து படம் எடுக்காமலிருந்தால் போதும். 2015இல் தேனிலவுக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்வாங்கி விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே மரத்தில் தடுத்து நின்றதால் பிழைத்தார். எல்லாருக்கும் அங்கே மரம் இருக்காது. பார்வைத் தளத்துக்கு வெளியே விளிம்புப் பாறைகளில் உட்காராதீர்கள். பனி வந்தால் பாறை எங்கே முடிகிறது என்பதே தெரியாது. பிள்ளைகளின் கையைப் பிடித்திருங்கள், தோளில் தூக்கி வைத்துக் காட்ட வேண்டாம்.

என்ன உடுத்துவது?

மூன்று அடுக்கு. உடம்போடு வியர்வை காயும் மெல்லிய பெனியன், அதன்மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் மழையும் தடுக்கும் ஜாக்கெட். காலை 6 மணிக்கு 5 பாகை செல்சியஸ் இருந்த இடத்தில் 11 மணிக்கு 20 பாகைக்கும் மேலே போகும். கழற்றிப் பையில் போட முடியாத ஒற்றைத் தடித்த கோட்டு இங்கே தொல்லை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, எடை கூடும், காற்றடித்தால் தொடை மரத்துப் போகும்.

குடையைக் காற்று புரட்டிவிடும். காது மூடும் தொப்பி காலைக்கு, விளிம்புத் தொப்பி பத்து மணிக்குமேல். பனி மூடியிருந்தாலும் இந்த உயரத்தில் வெயில் தோலைச் சுடும். மூக்கும் பிடரியும் கறுத்துப் போனது மறுநாள்தான் தெரியும்.

சப்பாத்தின் அடியில் பல் இருக்க வேண்டும், மேல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. புதுச் சப்பாத்தை முதல்முறையாக இங்கே போட்டு வராதீர்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்னதாக வெட்டுங்கள், இறக்கத்தில் நகம் முன்னால் இடிக்கும்.

தண்ணீர், சாப்பாடு எவ்வளவு?

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். குளிரில் தாகம் தெரியாது, அதனால் அரை மணிக்கொரு முறை நான்கு மிடறு என்று கணக்கு வைத்துக் குடியுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரியும், ஆனால் மேலே மரைகள் நிற்கின்றன. காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

ஆளுக்கு இரண்டு ரொட்டி, கட்ட சம்பல், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் கச்சான். இது போதும். தோலைப் புல்லில் எறிய வேண்டாம், அதுவும் குப்பைதான். பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன்டீ இருந்தால் உலக முடிவில் உங்களைச் சுற்றி நண்பர்கள் சேர்வார்கள். ஃபார் இன்னில் சிற்றுண்டிச்சாலை உண்டு, சுற்றுப் பாதையில் கடை எதுவும் இல்லை.

சுற்றுப் பாதையில் ஓடலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். முதற் காரணம் தரை. உருளும் கல், வேர், அரித்த வாய்க்கால். கணுக்கால் பிசகினால் உங்களை நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும், வண்டி வராது. இரண்டாவது, பாதை ஒடுக்கம். எதிரே வயதானவர்களும் பிள்ளைகளும் வருவார்கள். மூன்றாவது மிருகங்கள். நடக்கிற மனிதனை மரை பார்த்துக்கொண்டே மேயும். ஓடி வருகிறவனைக் கண்டால் வெருண்டு குறுக்கே பாயும். ஓடுகிறவர் கண்ணில் தரையைத் தவிர எதுவும் படாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பணமும் தூக்கமும் செலவழித்துத் தரையைப் பார்க்க வருவானேன்?

அப்படியானால் எங்கே ஓடுவது?

நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரை. ஆளுநர் கிரகரி காலத்தில், 1873இல் உருவாக்கிய வாவி அது. காலை ஆறரைக்கு முன் போனால் படகும் குதிரையும் தொடங்கியிராது. நகரமே 1,868 மீற்றரில் இருப்பதால் சமவெளிக்கு வருமுன் உடம்பைப் பழக்கவும் நல்லது.

அம்பேவெல, பட்டிப்பொலப் பக்க வீதிகள் அழகானவை. ஆனால் விடியலில் பால் வண்டியும் மரக்கறி லொறியும் வேகமாக வரும். வலது ஓரமாக, எதிர்வரும் வண்டியைப் பார்த்து ஓடுங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை போடுங்கள்.

தோட்டத்து ரோடுகளில் ஓடுவது தனி ருசி. அதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. காவற்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு நுழையுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம் லொறி வரும், மேட்டுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், சரிவுப் பக்கம் வேண்டாம். மருந்து அடிக்கும் மலையில் மணம் வந்தாலே திரும்பிவிடுங்கள். லயத்தருகே நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குங்கள், பெரும்பாலும் அதோடு அவை விட்டுவிடும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து குளவி. கொழுந்து பறிக்கிறவர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் அடிக்கடி கேட்கும் செய்தி. கூடு இருக்கும் மரத்தை ஊரவர்கள் காட்டித் தருவார்கள். குளவி கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு, ஓடி ஒரு கட்டடத்துக்குள் புகுந்துவிடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

வழக்கமான வேகத்தில் ஓடினால் மூச்சு முட்டுகிறதே?

2,100 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அவ்வளவு குறைகிறது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கிலோமீற்றருக்கு 6 நிமிடத்தில் ஓடுகிறவர் இங்கே 7 நிமிடத்தில் தொடங்கட்டும். ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்பதுதான் அளவுகோல். மேல் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. வருகிறவர்களுக்குத் தலையிடி வந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் குறைவும் குளிரும் தூக்கமின்மையும்தான் காரணம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், குளிர்க் காற்றே இழுப்பைக் கிளப்பும்.

வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் வரலாமா?

தினமும் 5 கிலோமீற்றர் நடக்கும் எழுபது வயதுக்காரர் தாராளமாக முழுச் சுற்றும் வருவார். முழங்கால் வலி உள்ளவர்களைப் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி இறக்கத்தில் இறக்க வேண்டாம், மேலேயே உட்காரட்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடந்துவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் பாதி வழியில் தூக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சக்கரத் தள்ளுவண்டி பயன்படாது. முடியாதவர்கள் ஃபார் இன் சுற்றுப்புறப் புல்வெளியில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தாலே மரையும் பறவையும் பார்த்துவிடலாம்.

அட்டை கடிக்குமா?

மேலே குளிரில் அட்டை குறைவு. தாழ்வான ஈரத் தோட்டப் பாதைகளில்தான் அதன் ஆட்சி. பயமிருந்தால் காலுறைக்குள் காற்சட்டையைச் சொருகி, சவர்க்காரத்தை உலர்ந்தபடியே காலுறையில் தேய்த்து வாருங்கள். ஒட்டினால் நகத்தால் வாய்ப் பக்கத்தை நெம்பி எடுத்துவிடலாம்.

மரை பக்கத்தில் வந்து நிற்கிறது. ஏதாவது கொடுக்கலாமா?

கூடாது. வண்டி நிறுத்துமிடத்தில் கைநீட்டினால் வரும் மரைகள் மனிதர் பழக்கிக் கெடுத்தவை. பாணும் பிஸ்கட்டும் அவற்றின் வயிற்றுக்கு ஆகாது. சாந்தமாகத் தெரியும் ஆண் மரையின் கொம்பு ஒரு தலையசைப்பில் வயிற்றைக் கிழிக்கும். பத்து மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். பையிலிருந்து மணம் வராமல் மூடி வையுங்கள்.

சிறுத்தை தென்படுமா?

சிறுத்தை உண்டு, மரைதான் அதன் பிரதான இரை. நடக்கிறவர்கள் காண்பது மிக அரிது. காண்கிறவர்கள் பெரும்பாலும் விடியலிலோ அந்தியிலோ வண்டிக்குள்ளிருந்து வீதியில் காண்கிறார்கள். அப்படி நடந்தால் இறங்காதீர்கள், எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். பாதையில் மயிர் கலந்த எச்சம் கிடந்தால் அது சிறுத்தையுடையதாக இருக்கலாம்.

வேறு என்ன பார்க்கலாம்?

பெரிய மிருகத்தைத் தேடுகிறவர் ஏமாறுவார், சின்னதைத் தேடுகிறவருக்கு நேரம் போதாது. பாசி படர்ந்த கிளையை ஒரு முழத் தூரத்தில் பாருங்கள்: மூக்கின் நுனியில் கூர்க்கொம்பு வைத்த ஓணான் அசையாமல் இருக்கும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். பட்டிப்பொல வாசலில் இருந்து ஃபார் இன் போகும் வழியில் ரோட்டோரமாக ஒரு சின்னக் குளம் உண்டு. இலங்கைச் சீகாரப் பூங்குருவியைத் தேடுகிறவர்கள் வெளிச்சம் நன்றாக வருமுன் அங்கேதான் நிற்பார்கள். விசில் மாதிரிக் கூரிய ஒலி கேட்ட பிறகு நிழலைத் தேட வேண்டும். மங்கல் நீல ஈப்பிடிப்பான் அப்படி ஒளியாது, கைக்கெட்டும் உயரக் கிளையில் வந்து உட்காரும். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும் காட்டோரத்தில் கூட்டமாக வரும். தடித்த மயிர் போர்த்த ஊதாமுக மந்தியின் முரட்டுக் குரல் காட்டுக்குள்ளிருந்து கேட்கும்.

இரவில் உலவும் மலைத் தேவாங்கு அழிந்துவிட்டது என்றே எண்ணப்பட்டிருந்தது. அதன் முதல் புகைப்படங்கள் இந்தக் காட்டில் எடுக்கப்பட்டு 2010இல் வெளிவந்தன. நீங்கள் அதைக் காணப் போவதில்லை, இரவில் உள்ளே இருக்க முடியாது. ஆனால் பாசி மூடிய அந்தக் குட்டை மரங்களை ஏன் தொடக்கூடாது என்பதற்கு அது ஒரு காரணம்.

குறிஞ்சி இங்கே பூக்குமா?

குறிஞ்சியின் உறவுச் செடிகள் பூக்கும். சிங்களத்தில் ‘நெலு’ என்பார்கள். மரத்தடி முழுக்கப் புதராக நிற்கும் செடிகள் பல ஆண்டு சும்மா இருந்து, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். 2013இல் அப்படி ஒரு பெரும் பூப்பு வந்தது. விதை விழும் காலத்தில் காட்டுக்கோழிகள் திரண்டு வரும். எல்லா இனமும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை, இடையில் வருகிறவர்களுக்கும் சில செடிகள் பூத்திருக்கும். புல்வெளியில் தனி மரமாக முறுக்கி நின்று சிவப்பாகப் பூப்பது ரொடோடென்ட்ரன்.

மஞ்சளாகக் கொட்டிப் பூத்த முட்புதரைப் பார்த்து மயங்காதீர்கள். ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியர் காலத்தில் வந்த கோர்ஸ் அது, புல்வெளியை விழுங்குகிறது. அதன் விதை சப்பாத்துச் சேற்றில் ஒட்டிப் பரவும். நடந்து முடிந்ததும் அடிப்பாகத்தைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

காட்டில் இத்தனை மரம் காய்ந்து நிற்கிறதே, தீயா?

தீயல்ல. பல ஆண்டுகளாக உச்சிக் கிளையிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வரும் நோய் மாதிரி ஒன்று இக்காடுகளில் நடக்கிறது. கீன மரங்கள் அதிகம் பாதிக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் வறட்சி, மண், காற்று மாசு எனப் பல காரணங்களை ஆராய்ந்து வருகிறார்கள்.

பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியில் குளிக்கலாமா?

இல்லை. 20 மீற்றர் உயரத்திலிருந்து பெலிஹுல் ஓயா விழுகிறது. அடியில் சுழி, தண்ணீர் பனிக்கட்டிக் குளிர். இறங்கியதும் தசை இறுகும், நீச்சல் தெரிந்தும் கை வேலை செய்யாது. பார்வைத் தளத்திலிருந்து பாருங்கள்.

கிரிகல்பொத்த, தொட்டுபொல ஏறலாமா?

தொட்டுபொல, 2,357 மீற்றர், இலங்கையின் மூன்றாவது உயர்ந்த மலை. பட்டிப்பொலப் பக்க வீதியிலிருந்து ஏறுவழி தொடங்கும். தூரம் குறைவு, போய்வர இரண்டு மணிநேரம். முட்செடி கையைக் கீறும், நீளக் கைச் சட்டை போடுங்கள்.

கிரிகல்பொத்த இரண்டாவது உயர்ந்தது, 2,388 மீற்றர். ஃபார் இன்னிலிருந்து ஒரு வழி சுமார் 7 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்: சதுப்பு, தலைக்குமேல் வளர்ந்த குட்டை மூங்கில், பனியில் மறையும் தடம். ஆறு ஏழு மணிநேரம் வைத்து, 7 மணிக்கு முன் தொடங்கி, பகல் 11.30க்கு உச்சியில் இல்லாவிட்டால் திரும்ப வேண்டும். தனியாகப் போகாதீர்கள், புறப்படுமுன் ஃபார் இன்னில் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் இதையும் உலக முடிவையும் சேர்க்க முயல்வது வீண் ஆசை.

நடுவழியில் பனி மூடினால், இடி இடித்தால்?

பனிக்கு: பாதையை விட்டு ஒரு அடியும் வைக்காதீர்கள். குறுக்கு வழி தேடிப் புல்லில் இறங்கியவர்கள்தான் வழி தவறுகிறார்கள். கூட்டத்தின் கடைசி ஆள் யார் என்று முதலிலேயே தீர்மானித்து, பிரிவு வரும் இடங்களில் காத்திருங்கள். இடிக்கு: புல்வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். தனி மரத்தடி வேண்டாம். காட்டுத் திட்டுக்குள் போய், குட்டை மரங்களுக்கிடையில் குந்தி இருங்கள். நனைந்துவிட்டால் ஃபார் இன்னில் ஈர உடுப்பை மாற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். அதற்காக ஒரு சோடி உலர்ந்த சட்டையும் காலுறையும் வண்டியிலேயே வையுங்கள்.

போன், கழிப்பறை, ட்ரோன்?

சிக்னல் விட்டு விட்டு வரும், நம்ப வேண்டாம். கழிப்பறையை ஃபார் இன்னிலேயே முடித்துக்கொள்ளுங்கள், சுற்றுப் பாதையில் இல்லை. ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சட்டச் சிக்கல்.

பனி விலகவே இல்லை, அல்லது அரை நாள்தான் இருக்கிறது. வேறு வழி?

நுவரெலியா நகர நடுவில் விக்டோரியா பூங்கா. நவம்பர் முதல் மார்ச் வரை இந்தியாவிலிருந்து குளிருக்கு இறங்கி வரும் பறவைகள், ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் உட்பட, ஓடையோரக் குப்பையைக் கிளறித் திரியும். காலை ஏழரைக்கு முன், அல்லது மாலை நான்கரைக்குப் பின். ஓடையின் பின்பக்க வேலியோரம் நில்லுங்கள், பூப்பாத்திப் பக்கம் அவை வருவதில்லை.